அரைப்பேர், முழுப்பேர்: "நியாயந்தீர்க்காதே" என்று கேட்ட மகளுக்கு

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பா முப்பது வருடம் குடித்தவர். பெரியம்மாவின் தோடு, பிள்ளைகளின் படிப்பு, அரிசிக்கு வைத்த காசு எல்லாம் அதில் போனது. போன வருடம் மனந்திரும்பி ஞானஸ்நானம் எடுத்தார். இப்போது ஞாயிறு ஆராதனையில் முன்னால் நின்று சாட்சி சொல்கிறார், சபை "அல்லேலூயா" என்கிறது. பெரியம்மா பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். கேட்டவருக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. போதாததற்கு, கொழும்பில் கடையில் நின்று இந்தப் பிள்ளை சேர்த்த காசிலிருந்து ஓட்டோ வாங்கக் கடன் கேட்கிறாராம் பெரியப்பா. தயங்கினால், "நீ என்னை நியாயந்தீர்க்கிறாய், வேதத்தில் என்ன எழுதியிருக்கு?" என்கிறார். "நான் நியாயந்தீர்க்கிறேனா? கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட எனக்கு ஏன் முடியவில்லை?" இதுதான் கேள்வி.

மகள், கடன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அது லேசானது. கொடுக்க வேண்டாம்.

பெரியப்பா சொல்லும் வசனம் மத்தேயு 7:1. நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் அதை நிதானமாக வாசியுங்கள்: "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்." கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது "கிரினோ" என்ற வினை. பிரித்துப் பார்ப்பது, தெரிந்தெடுப்பது, வழக்கு விசாரிப்பது, தண்டனை சொல்வது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல் வரும். தமிழில் பெயர்த்தவர்கள் இந்த இடத்தில் தண்டனை சொல்லும் பொருளைத் தெரிந்து எடுத்திருக்கிறார்கள். யோவான் 7:24ல் அதே வினை வரும்போதோ "நீதியின்படி தீர்ப்புச்செய்யுங்கள்" என்று ஆண்டவர் கட்டளையே இடுகிறார். மத்தேயு 7ஐயும் முதல் வசனத்தோடு மூடிவைக்கக் கூடாது. ஆறாவது வசனத்தில் முத்துக்களைப் பன்றிகள் முன் போடாதே என்கிறார். பதினைந்தில் கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கை, பதினாறில் கனியைப் பார்த்து அறிந்துகொள்ளச் சொல்கிறார். பன்றி எது என்று பாராமல் முத்தை எப்படிக் காப்பாற்றுவது?

ஆகவே, "இவரிடம் காசு கொடுத்தால் திரும்பி வராது" என்பது நீங்கள் கண்ணால் கண்ட கனியை வைத்துச் சொல்வது. அது பகுத்தறிவு. "இவர் ஞானஸ்நானம் எடுத்தாலும் நரகத்துக்குத்தான் போவார்" என்பது தீர்ப்பு. முதலாவதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, இரண்டாவதைச் சொல்ல உங்களுக்கும் எனக்கும் இல்லை. சகேயு மனந்திரும்பிய அன்றைக்கு அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். யாரிடமும் கடன் கேட்டதாக லூக்கா எழுதவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியப்பா இன்னமும் வீட்டில் கை நீட்டி அடிக்கிறார் என்றால் அது ஜெபத்தோடு நிறுத்துகிற காரியமில்லை. பொலிசுக்குச் சொல்லலாம், 1938 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அதையும் யாராவது "நியாயந்தீர்ப்பு" என்றால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனிக் கஷ்டமான பகுதி. கடன் கொடுக்காவிட்டாலும் நெஞ்சுக்குள் எரிகிறதே, அது.

இப்போது நான் சபையில் உபதேசியார். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பறித்த தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கணக்கு எழுதியவன். மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் "பேர்" என்று பெயர். குறித்த கிலோவைப் பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அந்தக் கிலோ தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். எங்கள் தோட்டத்தில் அப்போது 16.

ஆடி மாதம். மூன்று நாளாக விடாத மழை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசுக்கு முன்னால் சாக்கோடு பெண்கள் வரிசை நிற்கிறது. மழைக்குக் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம். ஒரு பெண், கலியாணமாகி இரண்டு மூன்று வருடம் இருக்கும், முதல் நாள் 13 கிலோ. அடுத்த நாளும் 13. மூன்றாம் நாள் பன்னிரண்டரை. அவளுக்குப் பின்னால் நின்ற அவளுடைய மாமியார், ஓய்வுக்குச் சில மாதமே இருந்த கிழவி, மூன்று நாளும் 16க்குக் குறையவில்லை. நான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "வயசானது முழுப்பேர் எடுக்குது, உனக்கென்ன? மலையில நின்னு கத பேசினா கிலோ ஏறுமா?" வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவள் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனாள். செக்ரோலில், அதாவது பேர் பதியும் ஏட்டில், மூன்று அரைப்பேர் எழுதினேன்.

இரண்டு கிழமை கழித்து என் மனைவி சோறு போடும்போது சொன்னாள். கிழவிக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதாம். தொடர்ந்து குறைந்தால், "ஆச்சி, வீட்ல இருங்க" என்று தோட்டத்தில் நிறுத்திவிடுவார்கள் என்று பயம். அதனால் மருமகள் மலையிலேயே தன் சாக்கிலிருந்து பிடி பிடியாக அள்ளி மாமியார் சாக்கில் போட்டுவந்திருக்கிறாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குச் சிரித்தவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள்.

தராசு பிழையில்லை. 13 என்று காட்டியது, 13தான் இருந்தது. சட்டப்படி பார்த்தால் கொழுந்தை அடுத்தவர் சாக்கில் போடுவதும் பிழைதான். என்னிடம் இருந்த விவரம் ஒவ்வொன்றும் சரி, நான் எழுதிய முடிவு மட்டும் அநியாயம். அவளைத் தனியாகக் கண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் பதறிப்போய், "ஐயா, அத இங்க பேசாதீங்க, மாமிக்குக் கேட்டுரும்" என்றாள். அவ்வளவுதான். அந்த மாதச் சம்பளமும் போட்டாகிவிட்டது, செக்ரோலைத் திருத்த முடியவில்லை.

"நீங்கள் அளக்கிற அளவின்படியே உங்களுக்கும் அளக்கப்படும்" என்ற வசனத்தை அந்தக் கிழமைக்குப் பிறகு என்னால் சாதாரணமாக வாசிக்க முடிந்ததில்லை. மழை நாளில் ஈரத்துக்கென்று ஒவ்வொரு சாக்கிலும் கிலோ கழிப்போம். மேலே இருந்து சொன்னார்கள், நான் கழித்தேன். நான் வேலைக்குப் பிந்தி வந்த நாட்களில் என் பேரில் யாரும் எதையும் கழித்ததில்லை. அளவுகோல் என்றால் என்ன என்று மலையகத்தானுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லைதான். 1948இன் குடியுரிமைச் சட்டம் ஆளைப் பாராமல் மொத்தமாக நம்மை வெளியே நிறுத்தியது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று தலைகளை எண்ணிப் பிரித்தது. 1854ல் நமக்குச் சுவிசேஷம் சொல்ல வந்த மிஷன்கூட தன் பெயரிலேயே நம்மைக் "கூலி" என்று எழுதிக்கொண்டுதான் வந்தது. இத்தனைக்கும் பிறகு, மடுவத்தில் தராசு நம் கைக்கு வந்தால் நாமும் அதையேதான் செய்கிறோம். நான் செய்தேன்.

நீங்கள் கேட்பீர்கள்: "உங்கள் கதையில் அந்தப் பெண் நல்லவள். என் பெரியப்பா அப்படி இல்லையே?" சரியான கேள்வி. அவர் செய்தது யாருக்கும் தெரியாத நன்மை இல்லை, ஊருக்கே தெரிந்த தீமை. "உங்களுக்கு முழு விவரம் தெரியாது, அதனால் தீர்க்காதீர்கள்" என்று உங்களிடம் நான் சொன்னால் அது பொய். உங்களுக்குத் தெரியும். ஆகவே உங்களுக்கு வேறு வேதபகுதி வேண்டும். மத்தேயு 20ஐ எடுங்கள்.

திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமை அரைப்பேர் விழுந்த நம் சனத்துக்குச் சட்டென்று உறைக்கும். விடியற்காலையில் வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் என்று பேச்சு. பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி வேளைகளில் ஆட்கள் வருகிறார்கள். கடைசியில் பதினோராம் மணி வேளையில், நம் கணக்கில் மாலை ஐந்து மணிக்கு, இன்னும் சிலர். எல்லாருக்கும் ஒரே ஒரு பணம். முந்தி வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்: பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே! 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்த பிறகு, கிலோவைக் கூட்டிக் கேட்கிறார்கள், அரைப்பேர் போடுகிறார்கள் என்று பல தோட்டங்களில் முறைப்பாடு எழுந்ததே, அந்த நேரம் ஐந்து மணிக்கு வந்த ஒருவனுக்கு எங்கள் மடுவத்தில் முழுப்பேர் போட்டிருந்தால் தராசையே உடைத்திருப்பார்கள். உங்கள் எரிச்சல் அந்த எரிச்சல்தான். பெரியப்பா ஐந்து மணிக்கு வந்தவர். பெரியம்மா விடியற்காலையிலிருந்து வெயிலிலும் மழையிலும் நிற்பவர். சபை இரண்டு பேரையும் ஒரே பந்தியில் வைக்கிறது.

அந்த உவமையில் ஒரு கணக்கப்பிள்ளை வருகிறார். பிரசங்கங்களில் அவரை யாரும் கவனிப்பதில்லை. நான் அந்த வேலை பார்த்தவன் என்பதால் என் கண் அவர்மேல்தான் போகும். எட்டாம் வசனம்: எஜமான் தன் காரியக்காரனை நோக்கி, பிந்தி வந்தவர்கள் தொடங்கி முந்தி வந்தவர்கள் வரைக்கும் கூலி கொடு என்கிறான். அந்தக் காரியக்காரன் உவமை முடியும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. "இவனுக்கு அரைப்பேர் போடலாமே, துரை" என்று சொல்வதற்கு அவனுக்கு எல்லா முகாந்தரமும் இருந்தது. யார் எப்போது வந்தான் என்பது அவன் செக்ரோலில் இருந்திருக்கும். அவன் மறக்கவில்லை, எழுதியதை அழிக்கவும் இல்லை. என்ன கொடுப்பது என்பதை மட்டும் எஜமானிடம் விட்டுவிட்டான். மன்னிப்பு என்றால் நடந்ததை மறப்பது என்று நம் சபைகளில் பழக்கிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. கணக்குத் தெரிந்துகொண்டே கூலியை எஜமான் கையில் விட முடியும்.

அப்படி விட்டுவிட ஏன் உங்களுக்கு முடியவில்லை?

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. சனம் போவதற்கு இடமில்லாமல் அங்கேயே இருந்தது. அடுத்த ஞாயிறு நான் போயிருந்த ஒரு சபையில், அங்கே நடந்த பாவங்களுக்கு வந்த தண்டனை அது என்று ஒருவர் பிரசங்கம் செய்தார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்: இவர்கள் கெட்டவர்கள் இல்லையே, ஏன் தலையை ஆட்டுகிறார்கள்? பிறகு புரிந்தது. அவர்களுடைய லயனுக்கு மேலேயும் ஒரு மலை நிற்கிறது. செத்தவர்கள் பாவிகள் என்றால், நமக்கு மேலே உள்ள மலை நிற்கும். அந்தத் தீர்ப்பு அவர்களுக்கு இரவில் நித்திரை கொடுக்கிறது. பிலாத்து கலிலேயரைக் கொன்ற செய்தியை ஆண்டவரிடம் சொன்னவர்களும் அந்த நித்திரையைத்தான் தேடி வந்தார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரையும் தாமே எடுத்துச் சொல்லி, "அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ? அப்படியல்ல" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

கடவுளை நம்ப முடியாத இடத்தில் நாம் தீர்ப்பை வைத்துக்கொள்கிறோம். அது மலிவு, உடனே கிடைக்கும், கொஞ்ச நேரம் தாங்கும். உங்கள் விஷயத்திலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். பெரியப்பா இரட்சிக்கப்பட்டுவிடுவாரோ என்பது உங்கள் பயம் இல்லை, மகள். "அல்லேலூயா" சத்தத்தில் பெரியம்மாவின் முப்பது வருடம் கணக்கில் வராமல் போய்விடுமோ என்பதுதான் பயம். சபை மறந்துவிட்டது, கர்த்தரும் மறந்துவிட்டார் போலிருக்கிறது, நானாவது எழுதி வைக்க வேண்டும் என்று நீங்கள் செக்ரோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்தப் பாரம் உங்களைக் குனிய வைத்திருக்கிறது. நீங்கள் அன்பில்லாதவர் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

சங்கீதம் 56ல் தாவீது தன் கண்ணீரைத் துருத்தியில் வைக்கச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறான்: "அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" கணக்கு என்ற சொல்லைப் பாருங்கள். பெரியம்மாவின் கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, பறித்த கிலோ மட்டுமல்ல, அடுத்தவர் சாக்கில் போட்ட பிடியும் சேர்த்து. இயேசுவைப் பற்றிப் பேதுரு சொல்வதும் இதுதான்: வையப்பட்டபோது அவர் பதில் வையவில்லை, "நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்." தீர்ப்பே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நியாயமாய்ச் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பித் தன்னைக் கொடுத்தார். நம்புவதும் நியாயந்தீர்க்காமல் இருப்பதும் அந்த ஒரு வசனத்தில் ஒரே காரியமாக நிற்கிறது. முதலாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் செய்யப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கத்தான் வரும். நீங்கள் இப்போது செய்வது அதுதான்.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதில் ஒரு எச்சரிக்கை. நம் தோட்டங்களில் அந்த வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. நோயாளியின் பக்கத்தில் சொன்னால் ஆறுதல். சண்டையில் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு, "ஒன்ன கடவுள் பாத்துக்குவான்டா" என்றால் சாபம். எதைச் சொல்கிறோம் என்று நமக்கே சிலவேளை தெரியாது. யோனா நினிவேக்கு வெளியே குடிசை போட்டு, ஊர் எப்போது அழியும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனும் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றுதான் உட்கார்ந்திருந்தான். கர்த்தர் பார்த்தது ஊரின் மனுஷரையும் மிருகங்களையும். அந்தப் புத்தகம் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது, யோனாவின் பதில் அதில் இல்லை.

எப்படிப் பழகுவது என்று கேட்டால், நல்ல வார்த்தைகளைத் தேடாதீர்கள். அன்னாள் தேவாலயத்தில் உதடு மட்டும் அசைய அழுது ஜெபித்தபோது ஆசாரியன் ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்துத் திட்டினான். ஊழியக்காரர்கள் கூட இப்படித் தவறுவோம், என்னையும் சேர்த்து. அவள் சொன்ன பதில்: "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்." ஊற்றுவது என்றால் கசடோடு சேர்த்துத்தான். பெரியப்பாமேல் உள்ள கோபத்தைப் பெயர் சொல்லி, சம்பவம் சொல்லி, கர்த்தரிடம் முறையிடுங்கள். 73ஆம் சங்கீதக்காரன் துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமை கொண்டேன் என்று கூசாமல் சொல்கிறான். அதே கோபத்தைத் தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் நாலு பேரிடம் சொன்னால் தீர்ப்பாகிவிடும். ஒரு நாளில் தீராது. எனக்கு ஒருவர்மேல் இருந்தது தீர ஆறு வருடம் போனது. இன்றைக்கும் மழை நாளில் கொஞ்சம் திரும்பி வரும்.

இந்த ஞாயிறு முன்னால் போய் உட்காராமல் பின்வரிசையில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். சாட்சி நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாலும் போதும். உங்கள் போதகரிடம் தனியாகப் பேசி, பெரியப்பாவை முன்னால் நிறுத்துமுன் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று மரியாதையாகக் கேட்கலாம். அதற்குப் பிறகு வீட்டில், பெரியம்மாவையும் வைத்துக்கொண்டு, பெரியப்பாவிடம் சொல்லுங்கள்: "பெரியப்பா, ஓட்டோவுக்கு என்னால தர ஏலாது. நீங்க திருந்தினது எனக்குச் சந்தோஷம். பெரியம்மாவோட தோட்டு அடகுத் துண்டு இன்னும் இருக்கா? மூழ்கிருச்சா, மீட்கலாமா?" அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.